சிவப்பு நூல் கட்டாத பாட்டில்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கீழ் வீட்டுக் கொடியில் ஒரு காலுறை காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சள் கம்பளி. என் கட்டைவிரலில் மாட்டினால் சரியாக இருக்கும், அவ்வளவுதான் அளவு. இரண்டு போர்வைகளுக்கு நடுவில், வெளியே தெரியாதபடி, ஒற்றையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்று ஒரு போர்வையை விலக்கியதால்தான் என் கண்ணில் பட்டது.

உன் தங்கை எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று ஒரு வரியில் எழுத முடியாது, அதனால்தான் இத்தனை தாள் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைக்காதே. போனில் நான் பேசும்போது அம்மா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் நிற்காவிட்டாலும் எனக்குப் போனில் பேச்சு வராது. "சுண்டெலி, இருக்கியா, வளைக்குள்ள போயிட்டியா" என்று நீ கேட்பாய். நான் "ம்" என்பேன். அதோடு போன் அம்மா கைக்குப் போய்விடும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நீ முதலில் எங்காவது உட்கார்ந்துகொள், பிறகு படி. நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

இந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அடுப்பு இரண்டும் விடியலில் இருந்து எரிகின்றன. ஒன்றில் இஞ்சியும் அதிமதுரமும் கொதித்துப் பாதியாகச் சுண்டும், இன்னொன்றில் பாட்டில்கள் வெந்நீரில் குதித்துக்கொண்டிருக்கும். அம்மா மிளகாயும் பூண்டும் அரைக்கிற நாளில் மாடிப்படியில் யார் ஏறினாலும் தும்மிக்கொண்டேதான் ஏறுகிறார்கள். எலுமிச்சையை உப்பில் போட்டாயிற்று. வினிகரில் போட்ட பூண்டு இந்த முறை ஒரே இரவில் பச்சையாக மாறிவிட்டது, பாசி பிடித்தது மாதிரி. நான் பயந்துபோய்க் கொட்டப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "ஏய், அது விஷம் இல்லடி. புளிப்புல போட்டதுல பூண்டுக்குக் கோபம், அவ்வளவுதான். தின்னா ஒண்ணும் ஆகாது" என்றாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இருந்தது. பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று பார்வைக்குத் தெரியாது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நம் சிவப்பு நூல் கணக்கு உனக்கு நினைவிருக்கும். தேன் சேர்த்த இருமல் பாகு என்றால் பாட்டில் கழுத்தில் சிவப்பு நூல். சர்க்கரைப் பாகில் செய்ததற்கு நூல் கிடையாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்று கிளினிக் நர்ஸம்மா அம்மாவைப் பிடித்து உலுக்கிச் சொன்ன நாளில் இருந்து இதுதான் நடைமுறை. படிக்கத் தெரியாதவர்களுக்கும் நூல் தெரியும். தெருவில் எல்லோருக்கும் இது பாடம். நூல் எப்போதும் கீழ் வீட்டுத் தையலம்மா கொடுப்பதுதான். துணி தைத்து மிச்சமாகும் சிவப்பு நூலை ஒரு பழைய கட்டையில் சுற்றி வைத்து, மாலையில் தேநீருக்கு மேலே வரும்போது கொண்டு வருவார். அம்மா அதற்குப் பதிலாக மிளகாய் விழுது கொடுப்பாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாமல் ஒரு தேநீர் குடித்தது கிடையாது.

இந்தக் கோடையில் இருந்து தையலம்மா மேலே வருவதே இல்லை. அவர் மகள் பாப்பா அக்கா படிக்கிறேன் என்று தன் சித்தி ஊருக்குப் போன பிறகு அப்படி ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கோபம். "பொண்ண வெளியூர் அனுப்பிட்டா அவ்வளவு பெரிய மனுஷி ஆயிட்டாளா" என்று படிக்கட்டைப் பார்த்துச் சொல்வாள். தையலம்மா வராததால் நூலும் வரவில்லை. நூல் கட்டை காலி. கீழே போய்க் கேள் என்று அம்மா சொன்னாள். நான் இரண்டு தடவை பாதிப் படி வரை இறங்கித் திரும்பி வந்தேன். கதவைத் தட்டி, யாராவது திறந்து, என்ன வேண்டும் என்று கேட்டு, நான் பதில் சொல்லி... அதை நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் முறை செய்த தேன் பாகைப் பாட்டிலில் ஊற்றி, நூல் கிடைத்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன்.

நீ கிளம்பின அன்று வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே என்னிடம் ஒன்று சொன்னாய். "குளிர் வந்ததும் முதல்ல போடுற பாகுல முதல் பாட்டில கீழ குடுத்துடு சுண்டெலி. பாப்பாவுக்குக் குளிர் ஒத்துக்காது." நான் அதை மறக்கவில்லை. பாப்பா அக்கா ஊரில் இல்லாவிட்டாலும் முதலில் நிரப்பிய சின்னப் பாட்டிலைத் தனியாக ஓரத்தில் வைத்திருந்தேன். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று யோசிக்கவே இல்லை. எல்லோரும் எல்லோரையும் பற்றி அப்படித்தானே சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் தையலம்மா மேலே வந்தார். நான் அடுப்படியில் மிளகாய் விழுதைக் கிளறிக்கொண்டிருந்தேன், கையை எடுத்தால் அடி பிடிக்கும். கதவு வழியாகப் பாதி தெரிந்தது. ஆள் மெலிந்திருந்தார். தலையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அம்மா விடுவாளா. "அடேயப்பா, படி ஏறத் தெரியுதா உனக்கு? உன் வீட்டுப் படிய யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்கன்னு இல்ல நெனச்சேன்" என்றாள். தையலம்மா சிரிக்கவில்லை. "பாப்பாவுக்கு நெஞ்சுல சளி. ஏதாவது கொடேன்" என்றார்.

பாப்பா வந்துவிட்டாளா, சொல்லவே இல்லையே, படிப்பு முடிந்ததா என்று அம்மா அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் தையலம்மா "ம்" என்றார். பிறகு, "காரம் இல்லாததா கொடு" என்றார். அம்மாவுக்கு ஆச்சரியம். "காரம் இல்லாததா? யாருக்கு? பச்சை மிளகாய நறுக்குனு கடிச்சுட்டுக் கண்ணுல தண்ணி வராம நிப்பாளே, அவளுக்கா?" என்று கேட்டுக்கொண்டே அலமாரியில் கையை விட்டு, ஓரத்தில் இருந்த அந்தச் சின்னப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். "இந்தா. நாக்குல வெச்சா கரையும். ஒரு சொட்டுக் காரம் கிடையாது."

தையலம்மா பாட்டிலை வாங்கி, கழுத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். நூல் கட்டவில்லையே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் குடிக்கப் போகிறது பாப்பா அக்காதானே, நூல் எதற்கு என்று விட்டுவிட்டேன். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே, "எவ்வளவு கொடுக்கணுமா? அவளே கரண்டியில ஊத்திக் குடிக்கட்டும். சின்னக் குழந்தையா அவ?" என்றாள்.

தையலம்மா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினார். "பார்த்தியா, ஒரு நல்ல வார்த்தை பேசினாளா" என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

அடுத்த நாள் மத்தியானம் அம்மா எலுமிச்சை வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். நான் பின்பக்கம் வடிகட்டுகிற துணியைப் பிழிந்து உலர்த்தப் போனேன். அப்போதுதான் காலுறை.

தையல் வீடு, மாதிரிக்குப் பொம்மைத் துணி ஏதாவது தைத்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் காலுறையின் குதிகால் அழுக்காக இல்லாமல் விரல் பக்கம் மட்டும் ஈரமாக, சப்பியது மாதிரி நூல் பிரிந்து இருந்தது. பொம்மை காலுறையைச் சப்பாது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்து என் தலையில் விழுந்தது. பாப்பாவுக்குச் சளி. காரம் இல்லாதது. எவ்வளவு கொடுக்க வேண்டும். கழுத்தைத் தடவிய விரல். அண்ணா, அந்த அம்மா பொய்யே சொல்லவில்லை. பாப்பாவுக்கு என்றார், பாப்பாவுக்குத்தான். நாங்கள்தான் வேறு பாப்பாவைக் கேட்டுக்கொண்டோம். கழுத்தில் நூல் இல்லை என்றால் தேன் இல்லை என்று நாங்கள்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

பிழிந்த துணியை எங்கே போட்டேன் என்று தெரியாது. செருப்பில்லாமல் இறங்கி ஓடினேன். கதவை உள்ளங்கையால் அடித்தேன். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அடித்ததும் நின்றது. யாரும் திறக்கவில்லை. உள்ளே இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது, நானும் வீட்டில் யாராவது வந்தால் அப்படித்தானே நிற்பேன். என்ன சொல்வது? குழந்தை என்று கத்தினால் தெருவே கேட்கும். வாயில் வந்தது ஒன்றுதான். "சிவப்பு நூல்!" என்று கத்தினேன். "சிவப்பு நூல்! அது சிவப்பு நூல்!" என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

வேறு யாருக்கும் புரியாத வார்த்தை தையலம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கதவு திறந்தது. அவர் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. "கட்டலையே கண்ணு... கழுத்துல கட்டலையே..." என்றார். "நூல் இல்ல" என்றேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல வந்தது. அவர் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்களாம். ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை.

உள்ளே வெட்டிய துணிகளுக்கு நடுவில் பாப்பா அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு குழந்தை. குல்லா போட்டு, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அக்கா குழந்தையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். நான் பாட்டிலைத் தேடி எடுத்துக் கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்தேன். நான் போட்ட பாகு. ஆறிய பிறகு நானே கலக்கிய தேன். அதுவரைக்கும் வேறு பாட்டிலாக இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை இருந்தது.

ஏன் கிளினிக்குக் கொண்டு போகவில்லை என்று நான் கேட்கவே இல்லை. கிளினிக் தெருமுனையில் இருக்கிறது, தெருவில் எத்தனை கண் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் அப்போது யாரும் கண்ணைப் பற்றி யோசிக்கவில்லை. தையலம்மா தைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் கோட்டு ஒன்றை எடுத்துக் குழந்தையைச் சுற்றினார். மூன்று பேரும் நடந்தோம். ரொட்டிக்கடை வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பாப்பா அக்கா தலை நிமிர்ந்து நடந்தாள். நான்தான் தரையைப் பார்த்துக்கொண்டு போனேன்.

நர்ஸம்மா குழந்தையின் பெயர் கேட்டார். பாப்பா என்றார் தையலம்மா. "சரி, அது குழந்தைக்கு. தாய் பேரு?" பாப்பா என்றாள் அக்கா. "என்ன, வெளையாடுறீங்களா?" என்று நர்ஸம்மா அதட்டினார். எனக்கு, சொன்னால் நம்பமாட்டாய், சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்து, அது அழுகையாக மாறிவிட்டது. "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார்கள். "மாடி வீடு" என்றாள் அக்கா. பிறகு, "அப்பா பேரு?" என்றார் நர்ஸம்மா.

அக்கா நர்ஸம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "ஊர்ல இல்ல" என்றாள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. டாக்டர் வந்து குல்லாவைக் கழற்றச் சொன்னார். அக்கா தயங்கினாள். நர்ஸம்மாவே கழற்றினார். குழந்தை என் பக்கமாகத் தலையைத் திருப்பியது. வலது காதின் மேல் பக்கம், காது கன்னத்தோடு சேருகிற இடத்தில், ஊசியால் குத்தியது மாதிரி ஒரு சின்னக் குழி.

அண்ணா, நான் என் காதைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு வலது பக்கம். உனக்கும் வலது பக்கம். அப்பாவுக்கு இரண்டு பக்கமும் இருந்தது என்று அம்மா சொல்வாள். சின்ன வயதில் தையலம்மா நம் இரண்டு பேர் காதையும் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா உங்கள அவசரமா தெச்சிருக்கா, குண்டூசி குத்தின எடத்த மூடவே இல்ல" என்று கேலி செய்வாரே. அதே குழி. கையைக் காதில் இருந்து எடுக்க எனக்குத் தெரியவில்லை. நான் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பாப்பா அக்கா பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் பேசியதில் பாதி எனக்குக் காதில் விழவில்லை, பிறகு அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தேனில் இருக்கும் கிருமியால் ஒரு நோய் வருமாம், தின்ற எல்லாக் குழந்தைக்கும் வந்துவிடாது, ஆனால் வந்தால் மோசம் என்றார். உடனே தெரியாதாம். சில வாரம் கழித்தும் வரலாமாம். பால் குடிப்பது குறைந்தால், அழுகை மெலிந்தால், கழுத்து தொய்ந்தால், மலம் போகாமல் இருந்தால், ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சளிக்கு மூக்கில் விட உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தார். தாய்ப்பால் தவிர வாயில் எதுவும் வைக்கக் கூடாது.

திரும்பி வந்ததும் தையலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லாத கண்ணு. உங்க வாசல்ல வந்து நியாயம் கேட்டு நிக்கிற ஜென்மம் இல்ல நாங்க" என்றார். நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. அண்ணாவுக்குத் தெரியுமா என்று மட்டும் பாப்பா அக்காவிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன். அவள் குழந்தையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "தெரியாது. தெரிஞ்சு வராம இருந்துட்டா என்னால தாங்க முடியாது சுண்டெலி. தெரியாமலே இருக்கட்டும்."

நீ மட்டும் கூப்பிடுகிற பெயர் அது. அவளுக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்டதும்தான் எனக்கு மிச்ச சந்தேகமும் போனது.

அன்றில் இருந்து தினமும் கீழே போகிறேன். அம்மாவிடம் நூல் வாங்கப் போகிறேன் என்பேன். "அவ ஏற மாட்டா, நீ எறங்குற. நல்லா இருக்கு நியாயம்" என்கிறாள் அம்மா. தெருவில் பார்த்ததை யாரும் இன்னும் அவளிடம் வந்து சொல்லவில்லை, அழுகைச் சத்தம் கேட்டால் துணி கொடுக்க வந்தவர்கள் குழந்தை என்று நான் சொல்லிவிடுவேன். கதவைத் தட்ட எனக்கு இப்போது பயம் இல்லை. அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டதால் இது எங்கேயோ போய்விட்டது. குழந்தை பால் குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அழுதால் நல்லது என்று நினைப்பேன். மூக்கில் உப்புத் தண்ணீர் விட்டால் வீடு அதிர அழுகிறாள், எங்கள் மூன்று பேருக்கும் அப்போதுதான் மூச்சு வருகிறது. என் விரலைப் பிடித்தால் விடமாட்டாள். பெண் குழந்தை என்று இன்னும் உனக்குச் சொல்லவில்லையே. பெண் குழந்தை. சளி இறங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கச் சொன்ன காலம் இன்னும் முடியவில்லை.

மேலே வந்தால் எனக்குக் கை ஓடவில்லை. இஞ்சியைச் சுண்ட வைத்துக் கருக்கிவிட்டேன். தேன் டப்பாவைத் திறந்த கையோடு மூடிவிடுகிறேன். அத்தனை பாட்டிலுக்கும் சிவப்பு நூல் கட்டியாயிற்று, சர்க்கரைப் பாகுக்கும் சேர்த்துக் கட்டி அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வருகிறேன். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எல்லாம் கேட்டது. ரொட்டிக்கடைக்காரர் மகளைப் பார்த்திருக்கிறேன், நல்ல பெண், நீ வந்ததும் முடித்துவிடலாம் என்றாள். நீ "ம்" என்றாய். அண்ணா, அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம்? நானும் நாள் முழுக்க "ம்" சொல்கிறவள்தான். சரி என்றும் இருக்கும், சொல்லத் தைரியம் இல்லை என்றும் இருக்கும். என்னுடையதில் எது எது என்று எனக்குத் தெரியும். உன்னுடையது எனக்குத் தெரியவில்லை. ஆனால் அம்மாவுக்கு அது சம்மதம் என்று தெரிந்துவிட்டது. போனை வைத்த கையோடு படிக்கட்டுக்குப் போய், கோபத்தை எல்லாம் மறந்து, கீழே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "ஏய், கேட்டுக்கோ! என் பையன் கல்யாணத்துக்கு மணப்பொண்ணு உடுப்பு உன் கையாலதான் தெக்கணும். இப்பவே சொல்லிட்டேன், வேற வேலை எடுத்துக்காத!"

கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. பிறகு ரொம்ப நேரம் ஓடவே இல்லை.

நேற்றுக் காலை நான் போனபோது மிஷினைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கொடியில் ஒன்றும் இல்லை. அளவு நாடா, கத்தரி, துணிக்கட்டு எல்லாம் வாசலில் மூட்டையாக இருந்தன. சித்தி ஊரில் சின்னதாக ஒரு வீடு கிடைத்திருக்கிறது, மத்தியானம் வண்டி வரும் என்றார் தையலம்மா. டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாரே என்றேன். அங்கேயும் டாக்டர் இருப்பார் என்றார். பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றேன். அவர் மூலையில் தனியாக வைத்திருந்த ஒரு நூல் கட்டையை எடுத்து என் கையில் வைத்தார். சிவப்பு. புதுக்கட்டை, பிரிக்காதது. "உங்கம்மாவுக்குக் குடு. இந்தக் குளிர் முழுக்க வரும்" என்றார்.

பாப்பா அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குல்லாவின் கயிறு சிவப்பு நூலில் பின்னியது என்பதை நேற்றுதான் கவனித்தேன். நமக்கு வர வேண்டிய நூல் எல்லாம் எங்கே போயிருக்கிறது பார்.

இனி எழுதப் போவதுதான் கடைசி. அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மா என்ன சொன்னாள், அழுதாளா, கத்தினாளா, வண்டி வந்ததா, போனதா என்பதை நான் இதில் எழுதமாட்டேன். போனிலும் கேட்காதே, அப்போதும் நான் "ம்" என்றுதான் சொல்வேன். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் படி ஏறி வந்து கேள். தெரியாமலே இருக்கட்டும் என்று அக்கா சொன்னாள், நான் அவள் பேச்சை மீறிவிட்டேன். இப்போது உனக்குத் தெரியும். அங்கேயும் குளிராம், காதை மூடிக்கொண்டு தூங்கச் சொல் என்று அம்மா தினமும் சொல்கிறாள். மூடிக்கொள். ஆனால் இங்கே வரும்போது திறந்துகொண்டு வா.

நேற்று நான் அக்காவிடம் கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் கொடு என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, கொடுத்தாள். எனக்கு நன்றாகத் தூக்கத் தெரியாது, தலையை முழங்கையில் வைத்துக்கொண்டேன். அப்படியே வெளியே வந்து படி ஏறினேன். தையலம்மா பின்னால் ஏதோ சொன்னார், நான் நிற்கவில்லை. மேலே அம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "யாரு வீட்டுக் குழந்தைடி இது?" என்றாள். நான் அவள் முன்னால் உட்கார்ந்து, குழந்தையின் வலது பக்கம் அவளுக்குத் தெரிகிற மாதிரி மடியில் திருப்பி வைத்துக்கொண்டு, சிவப்பு நூல் முடிச்சை அவிழ்த்துக் குல்லாவைக் கழற்றினேன்.

உன் அன்புத் தங்கை,
சுண்டெலி